முயலுக்கு எது விருந்து?

பண்டைச் சீனத்தில், லூ நாட்டுத் தலைநகருக்கு வெளியே ஒரு கடற்பறவை வந்து இறங்கியது. மன்னருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. பறவையைக் கோயிலுக்குக் கொண்டுவரச் செய்தார். மது வார்த்தார். பெரிய சடங்குகளுக்கே உரிய இசையை வாசிக்கச் சொன்னார். மாடு, ஆடு, பன்றி என்று அறுத்து விருந்து வைத்தார். மிரண்டுபோன பறவை ஒரு துண்டு இறைச்சியைத் தொடவில்லை, ஒரு வாய் மது குடிக்கவில்லை. மூன்று நாளில் செத்துப்போனது. தாவோ மரபின் மூலநூல்களில் ஒன்றான 'சுவாங் ட்சு' சொல்லும் கதை இது. மன்னர் கஞ்சரும் இல்லை, கொடியவரும் இல்லை. தனக்கு எது விருந்தோ அதையே பறவைக்கும் படைத்தார்.

வீட்டுக்கு வந்து சேரும் குட்டி முயலுக்கும் பெரும்பாலும் இதே உபசாரம்தான் காத்திருக்கிறது. வந்த அன்றே கேரட், வாழைப்பழம், பிஸ்கட், குழந்தைகள் ஆசையாக நீட்டும் ரொட்டித் துண்டு. சைவப் பிராணிதானே, எதைத் தின்றால் என்ன என்ற தைரியம் வேறு. கேரட்தான் முயலின் உணவு என்ற நம்பிக்கையைப் பரப்பியதில் திரைக்குப் பெரும் பங்கு உண்டு. 1934-ல் வெளிவந்த 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' படத்தில் கிளார்க் கேபிள் கேரட்டைக் கடித்துக்கொண்டே பேசுவார். அதைப் பார்த்துத்தான் கார்ட்டூன் முயலான பக்ஸ் பன்னிக்கும் கையில் கேரட் கொடுத்ததாக அதன் கர்த்தாக்கள் சொல்லியிருக்கிறார்கள். நிஜ முயலுக்கு அது சர்க்கரை நிறைந்த கிழங்கு. எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும்.

முயலின் உடல் புல்லுக்காகவே அமைந்தது. அதன் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அவை தேயும். குடலை ஓட வைப்பதும் அந்த நார்தான். முயலால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது முன்னோக்கித்தான் போயாக வேண்டும். சர்க்கரையும் மாவுச்சத்தும் கூடினால், பெருங்குடலின் தொடக்கப் பையில் வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைகிறது. கழிச்சலும் வயிற்று உப்புசமும் பிடித்துக்கொள்கின்றன. வளர்ந்த முயல் ஒருவேளை தாங்கிக்கொள்ளும், பால்குடி மறந்த குட்டிக்கு அது உயிராபத்து.

குட்டியின் வயிறு அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது. தாய் முயல் நாளுக்கு ஒரு முறை, சில நிமிடங்கள் மட்டுமே பாலூட்டும். மூன்றாவது வாரம் வாக்கில் குட்டி கூட்டைவிட்டு வெளியே வந்து கொறிக்கத் தொடங்கும். தாய் கூட்டில் விட்டுப்போகும் புழுக்கையையும் கொறிக்கும். செரிமானத்துக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் அந்த வழியாகத்தான் வருகின்றன. எட்டு வாரம் ஆகும் முன்பே தாயிடமிருந்து பிரித்து விற்கப்படும் குட்டிகளுக்கு இந்தச் சீதனம் முழுதாகக் கிடைப்பதில்லை. வளர்ந்த பிறகும் முயல் தன் மென்மையான புழுக்கையை உடலிலிருந்து நேராகவே எடுத்து உண்ணும். புரதமும் பி வைட்டமின்களும் அதில் இருக்கின்றன. மனிதர் முகம் சுளிக்கும் அதே பொருள் முயலுக்கு அன்றாட உணவு. எது தூய்மை, எது தீட்டு என்ற மனிதக் கணக்கு கூண்டுக்குள் செல்லாது.

உணவு கொடுக்காமலிருப்பது கொடுமை என்பதில் சமயங்களுக்குள் சண்டையில்லை. சமண ஆசிரியர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் அகிம்சை விரதத்தின் மீறல்களாக ஐந்தைச் சொல்கிறது: கட்டிப்போடுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். நபிமொழித் தொகுப்புகளில் ஒரு பெண் வருகிறாள். பூனையை அடைத்துவைத்துச் சாகவிட்டதற்காக அவள் நரகத்துக்குப் போனாள். அவள்மீது சாட்டப்படும் குற்றம் இரண்டு பகுதி கொண்டது. அவளும் தீனி போடவில்லை, மண்ணில் திரியும் பூச்சி புழுக்களைப் பூனை தானே தேடித் தின்னவும் விடவில்லை.

இரண்டாம் பகுதியில்தான் விஷயம் இருக்கிறது. கூண்டுக் கதவு மூடும் கணத்தில் முயலின் தேடல் நின்றுபோகிறது. காட்டில் அது நூறு வகைச் செடிகளுக்கு நடுவே மேய்கிறது. கூண்டில் அதன் முன்னால் இருப்பது வளர்ப்பவர் போட்டது மட்டும். அதற்குப் பொருந்தும் உணவைத் தராமல் வேறெதையோ வயிறு நிறையக் கொடுத்தாலும், உணவைத் தடுத்த குற்றத்தில் ஒரு பங்கு வந்து சேரத்தான் செய்கிறது. அப்படியானால் கருணைக்கு மனம் மட்டும் போதாது. எதிரில் நிற்கும் உயிரைப் பற்றிய அறிவும் கருணையின் உறுப்பாகிவிடுகிறது.

முயலுக்கே பிடித்ததைத் தருவதில் என்ன தவறு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பல தானியமும் உலர்பழமும் கலந்த தீவனத்தை வைத்தால், முயல் இனிப்பையும் மாவையும் பொறுக்கித் தின்றுவிட்டு நார் மிகுந்த துண்டுகளை ஒதுக்கிவிடும். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் இதே சிக்கலைத் தொடுகிறார். எது நல்ல உணவு என்று சமையற்காரரும் மருத்துவரும் குழந்தைகள் முன் போட்டியிட்டால் மருத்துவர் பட்டினிதான் கிடக்க வேண்டும் என்கிறார். விருப்பமும் நலமும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. கூண்டு முயலின் விஷயத்தில் அந்த இடைவெளிக்குப் பொறுப்பேற்க மனிதரைத் தவிர வேறு ஆள் இல்லை.

பொறுப்பு என்பது நடைமுறையில் மிகச் சாதாரணமானது. ஏழு மாதம் வரை குட்டிக்குக் குதிரைமசால் என்ற தீவனப் பயிரை உலர்த்தித் தாராளமாகத் தரலாம். வளரும் எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய கால்சியமும் புரதமும் அதில் அதிகம். கூடவே குட்டிகளுக்கான பெல்லட் தீவனமும் எந்நேரமும் தண்ணீரும் வேண்டும். கீரை வகைகளைப் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு, ஒவ்வொன்றாக, சிறிய அளவில் பழக்க வேண்டும். வளர்ந்தபின் அதே குதிரைமசால் தொல்லையாகிவிடும். முயலின் குடல் கால்சியத்தைத் தேவை பார்க்காமல் உறிஞ்சிச் சிறுநீரில் தள்ளுவதால் சிறுநீர்ப்பையில் கசடும் கல்லும் சேரும். அப்போது உலர்புல்தான் பிரதானம். ஒரே பொருள் ஒரு பருவத்தில் அமுது, அடுத்த பருவத்தில் நோய்.

பௌத்த ஜாதகக் கதைகளில் ஒரு காட்டு முயல் உண்டு. நோன்பு நாளில் தேவர்களின் அரசனான சக்கன் பிராமண வேடத்தில் வந்து யாசிக்கிறான். நீர்நாய் மீன் தர முன்வருகிறது, நரி தயிர்ப் பானை, குரங்கு மாம்பழம். முயலிடம் இருப்பது புல். மனிதருக்குப் புல் உணவாகாது என்று அதற்குத் தெரிகிறது. ஆகவே ரோமத்தில் ஒட்டிய சிற்றுயிர்கள் சாகாதிருக்க உடலை உதறிவிட்டு நெருப்பில் குதிக்கிறது. நெருப்பு சுடவில்லை. தியாகத்தைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். தியாகத்துக்கு முன்னால் நடந்தது இன்னும் நுட்பமானது: தன் உணவும் விருந்தாளியின் உணவும் வேறு என்று அந்த முயல் யோசித்தது. லூ நாட்டு மன்னருக்குத் தோன்றாத யோசனை அது.

ஜாதக முயல் நோன்பிருந்தது. வீட்டு முயலால் அது முடியாது. அரை நாள் எதுவும் தின்னாவிட்டாலே குடல் இயக்கம் நின்றுபோகும் அபாயம் இருக்கிறது. பட்டினியைப் புண்ணியமாகக் கொண்டாடும் மரபில் வளர்ந்தவருக்கு இதை ஏற்பது கொஞ்சம் கடினம். குதிரைமசாலிலிருந்து புல்லுக்கு மாற்றும் வாரங்களில் இது நேரடிச் சோதனையாகவே வரும். குட்டி பழைய தீனியைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் புல்லை அப்படியே விட்டுவைக்கும். பசித்தால் தானாகத் தின்னும் என்று விடுவதும் தவறு, இரக்கப்பட்டுப் பழையபடி முழுக்கக் குதிரைமசாலுக்கே திரும்புவதும் தவறு. இரண்டையும் கலந்து, சில நாளுக்கு ஒருமுறை புல்லின் பங்கைக் கூட்டி, எடையையும் புழுக்கையையும் கவனித்துக்கொண்டே இரண்டு மூன்று வாரங்களில் மாற்ற வேண்டும். புழுக்கை சிறுத்தாலோ நின்றாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.