தண்டமும் துணையும்

குற்றம் செய்தவனுக்குத் தண்டம் உரியது. நோயுற்றவனுக்கு மருந்து உரியது. ஒருவனே இரண்டுமாக வந்து நின்றால் அவனுக்கு எது உரியது? எளிதில் விடை கூற இயலாத வினா இது.

அமெரிக்க நாட்டின் பஃபலோ நகரில், போதைக்கு அடிமையானோர், மனநோயுற்றோர் ஆகியோரின் வழக்குகளைத் தனி மன்றங்கள் அமைத்து விசாரித்து வந்தவர் ராபர்ட் ரஸ்ஸல் என்னும் நீதிபதி. வியட்நாம் போரில் பங்குகொண்ட முன்னாள் வீரர் ஒருவர் ஒரு நாள் அவர்முன் தலைகவிழ்ந்து நின்றார். கேட்டவற்றிற்குச் சரியான விடை வரவில்லை. அதே போரில் பணிபுரிந்த இருவர் மன்றத்தில் இருந்தனர். அவரை வெளியே அழைத்துச் சென்று பேசுமாறு நீதிபதி அவர்களைப் பணித்தார். திரும்பி வந்த வீரர், படையணியில் நிற்பவர்போல் நிமிர்ந்து நின்று, முயன்று பார்ப்பதாக வாக்களித்தார். இவ்வனுபவம் வழிகாட்ட, 2008 ஜனவரியில் முன்னாள் படைவீரர்க்கான சிகிச்சை நீதிமன்றம் அங்கே தோன்றியது. இன்று அந்நாட்டில் இத்தகைய மன்றங்கள் நூற்றுக்கணக்கில் இயங்குகின்றன.

இதனை வெறும் சலுகை என்று கருதுதல் பிழை. சிகிச்சைக்கு இசைந்தவர், பெரும்பாலும் ஓராண்டுக்குக் குறையாமல், குறித்த நாட்களில் மன்றத்தில் தோன்ற வேண்டும். போதைப்பொருளைத் தீண்டவில்லை என்பதைச் சோதனையால் மெய்ப்பிக்க வேண்டும். தவறினால் சில நாள் சிறையும் நேரலாம். முறையாக நிறைவேற்றினால் வழக்குத் தள்ளுபடியாகவோ தண்டனை குறையவோ வழியுண்டு. இத்தனைக்கும் இடையில், ஊதியம் பெறாத மற்றொரு முன்னாள் வீரர் அவருக்கு வழித்துணையாக நிற்கிறார்.

படைவீரர்க்கு மட்டும் தனி வழி ஏன், சட்டத்தின்முன் அனைவரும் சமமன்றோ என்று கேட்போர் உளர். நேரிய கேள்வியே. போர்க்களத்துக்கு அனுப்பிய நாடு, ஆங்கே பெற்ற காயத்திலும் பங்கேற்க வேண்டும் என்பது ஒரு விடை. மற்றொன்றும் உண்டு. போதை வழக்குகளுக்கான சிகிச்சை நீதிமன்றம் 1989இலேயே மயாமி நகரில் பொதுமக்களுக்காகத் தொடங்கப்பட்டுவிட்டது. ஆகவே, படைவீரர் மன்றத்தின் தனிச்சிறப்பு அது காட்டும் இரக்கத்தில் இல்லை. தம் துன்பத்தை அறிந்த தோழர் ஒருவரை அருகே நிறுத்தியதில்தான் இருக்கிறது. அத்துணை எந்த மனிதனுக்கும் மறுக்கத்தக்கதன்று.

நம் நாட்டிலும், சிறிதளவு போதைப்பொருள் தொடர்பான வழக்கில் சிக்கிய அடிமை தாமே முன்வந்து அரசு ஏற்ற நிலையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு இடமளிக்கிறது. ஆனால் சட்டம் கதவைத் திறக்கலாம். கைப்பிடித்து அழைத்துச் செல்லும் தோழனைச் சட்டம் தர இயலாது.

பிறந்த ஊரையும் சுற்றத்தையும் விட்டு வந்து வாழும் நம்மிடையே ஒருவர் குடியாலோ பிற போதையாலோ வீழ்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? குரலைத் தாழ்த்திப் பேசுகிறோம். பிள்ளைகளை அவ்வீட்டுக்கு அனுப்ப மறுக்கிறோம். விழா அழைப்பிதழில் அவர் பெயரை விட்டுவிடுகிறோம். எந்த நீதிபதியும் விதிக்காத தண்டம் இது. இதற்குக் கால எல்லையும் இல்லை. அவர் செய்த பிழைக்கு அவரே பொறுப்பு என்பதில் ஐயமில்லை. எனினும், அப்பொறுப்பை அவர் தனித்தே சுமக்க வேண்டும் என்று விதித்தவர் நாமே. அவ்விதியை மாற்றவும் நம்மால் இயலும்.