தோற்றுக் கொடுக்கும் இயந்திரம்

ஏழு வயது மகனோடு கரம் ஆடும் தகப்பன், எளிதில் விழக்கூடிய சிவப்புக் காயை வேண்டுமென்றே தவற விடுகிறான். பிள்ளை வென்று துள்ளிக் குதிக்கிறது. இதிலே பொய் உண்டா? உண்டென்றால் தாய்மார் எம்மோடு சண்டைக்கு வருவர்.

இதே வேலையை இப்போது கணனி செய்கிறது. கணனி விளையாட்டுகளில் எதிராளியாக நிற்கும் செயற்கை அறிவு, ஆடுபவரின் திறமையை அளந்து தன்னை மாற்றிக்கொள்ளுமாறு அமைக்கப்படுகிறது. 2005இல் வெளிவந்த ‘ரெசிடென்ட் ஈவில் 4’ என்னும் விளையாட்டில், ஆடுபவர் அடிக்கடி தோற்றால் எதிரிகளின் மூர்க்கம் தணியும். சில இடங்களில் தொகையும் குறையும். நன்றாக ஆடினால் மீண்டும் கடுமை ஏறும். ஆடுபவருக்கோ இது சொல்லப்படுவதில்லை. சொன்னால் வேண்டுமென்றே மோசமாக ஆடிச் சலுகை தேடுவார்கள். வெற்றியும் சப்பென்று போகும் என்பது அமைப்பாளரின் நியாயம். அது வெறும் சாட்டு அல்ல.

புனித தோமஸ் அக்குவைனாஸ் பொய்யைக் கெடுதி செய்யும் பொய், உதவிக்கான பொய், விளையாட்டுப் பொய் என மூன்றாகப் பிரித்தார். (குருமடத்தில் இப்பாடம் வந்த அன்று வகுப்பே சிரித்தது.) கடைசி இரண்டையும் இலேசானவை என்றாரேயன்றிக் குற்றமற்றவை என்று விடவில்லை. ஆனால் எல்லா மறைப்பும் பொய்யாகாது. சதுரங்கத்தில் அடுத்த நகர்வை மறைப்பவன் பொய்யன் அல்லன். அம்மறைப்புக்கு இருவருமே சம்மதித்துத்தான் அமர்ந்தார்கள். தன் வெற்றி தனக்கு இனாமாகத் தரப்படலாம் என்பதற்கு யார் சம்மதித்தார்?

கிழக்காசியாவின் ‘கோ’ ஆட்டத்திலும் வல்லவர் விட்டுக்கொடுப்பதுண்டு. ஆட்டம் தொடங்குமுன் இளையவருக்கு இரண்டு முதல் ஒன்பது கற்கள் வரை பலகையில் வைக்க இடம் கொடுப்பார். எல்லோரும் பார்க்கத் தரப்படும் சலுகை அது. அதற்குப் பின் வரும் வெற்றியை எவரும் போலி என்பதில்லை.

தகப்பனுக்கும் இயந்திரத்துக்கும் இன்னொரு பேதம். மகன் வளர வளரத் தகப்பன் விட்டுக்கொடுப்பதை நிறுத்துவான். ஒருநாள் மெய்யாகவே தோற்பதுதான் அவன் ஆசை. கணனி விளையாட்டிலோ நோக்கம் பல வேளை வேறு. எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவன ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, கடுமையை மாற்றும் முறையின் குறிக்கோளாக வைத்தது ஆடுபவரின் ஈடுபாட்டை உச்சத்துக்குக் கொண்டுவருவதையே. அதாவது, பிள்ளை எழுந்து போகக்கூடாது.

ஆகவே எமது கோரிக்கை சிறியது. எதிராளி தன்னைத் தளர்த்திக்கொள்ளும் என்பதை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிடட்டும். வேண்டாதவர் அதை நிறுத்திவைக்க ஒரு வழியும் இருக்கட்டும். சுவை குறையும் என்பார்கள். கொஞ்சம் குறையத்தான் செய்யும்.