கூடு விட்டுக் கூடு

எங்கள் நிறுவனத்தில் இன்னும் எக்ஸ்சேஞ்ச் 2016 மின்னஞ்சல் சர்வர் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. அதன்மேலேயே புதிய பதிப்பை ஏற்ற வழியில்லை. பக்கத்தில் வேறு சர்வர் நிறுவி, அஞ்சல்பெட்டிகளை அங்கே நகர்த்த வேண்டும். திட்டம் எழுத உட்கார்ந்தால் திருமூலர்தான் நினைவுக்கு வருகிறார்.

சாத்தனூரில் இடையன் மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் கதறுவது பொறுக்காமல் ஒரு யோகி தம் உடலை விட்டு அவன் உடலில் புகுந்து திருமூலர் ஆனார். பசுக்களுக்கு அது போதும். மூலனின் மனைவிக்கோ உடல் திரும்பியும் கணவன் திரும்பவில்லை.

எங்கள் அஞ்சல்பெட்டிகளில் நிலைமை தலைகீழ். உடல் மாறுகிறது, பெட்டியின் உள் அடையாள எண் அப்படியே வருகிறது. அந்த எண்தான் ‘அதே பெட்டி’யா? உள்ளிருக்கும் கடிதங்களா? சைவ சித்தாந்தி உயிர் என்று ஒன்றைக் காட்டுவார். பௌத்தர் தொடர்ச்சி மட்டுமே என்பார். நெற்றியில் திருநீறு இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் பௌத்தர் பக்கம்தான்.

திருமூலர் தம் பழைய உடலைத் தேடிப் போனபோது அது இல்லை, சிவன் மறைத்துவிட்டார். அதனால் அவர் மூலன் உடலிலேயே தங்கிப் பாடிய திருமந்திரம் நமக்குக் கிடைத்தது, சரி. பழைய கடிதம் காணாமல் போனால் எங்கள் நிதிப் பிரிவிடம் இந்தச் சமாதானம் செல்லாது. பழைய சர்வரை ஒரு மாதம் அணைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறேன்.