பிறக்கவிருக்கும் குழந்தைக்கு நாம் பட்ட கடன்

ஒரு வீட்டில் பிள்ளைப்பேறு நெருங்கும்போது ஆயத்தங்கள் பல நடக்கும். பழைய பருத்தி வேட்டிகள் துவைத்து மடிக்கப்படும். பேறுகால மருந்துக்குச் சுக்கும் பெருங்காயமும் சேர்த்து வைக்கப்படும். பரணில் கிடக்கும் தொட்டில் இறக்கப்படும். நற்பேற்றிற்காகக் கோவிலில் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படும். இவற்றையெல்லாம் முன்னின்று செய்பவர் பெரும்பாலும் பாட்டியாகப் போகிறவரே. இன்னும் முகம் காணாத ஓர் உயிருக்கு, "உனக்காகக் காத்திருக்கிறோம்" என்று சொல்லாமல் சொல்லும் செயல்கள் இவை.

அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர், இந்த ஆயத்தத்தைத் தொடங்கவும் துணியாமல் விடவும் மனமில்லாமல் தவித்ததைக் கண்டோம். அவருடைய மகள் கனடாவில், டொரன்டோ நகரில், செவிலியராகப் பணியாற்றுகிறார். அங்கே மற்றொரு பெண்ணை அந்நாட்டுச் சட்டப்படி மணந்து வாழ்கிறார். ஒருபால் இணையரின் திருமணத்தைக் கனடா நாடு முழுவதும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. இப்போது அந்த வீட்டில் ஒரு குழந்தை பிறக்கவிருக்கிறது. கருவைச் சுமப்பவர் மகளல்லர், மகளோடு வாழ்பவர். முகமறியாத கொடையாளர் ஒருவரின் உயிரணுவைக் கொண்டு மருத்துவர் உதவியால் உண்டான கரு அது. குழந்தைக்கான அறைக்கு வண்ணம் பூசியாயிற்று. பேறுகாலப் பயிற்சி வகுப்புக்கு இருவரும் சேர்ந்தே செல்கிறார்கள். மகள் தொலைபேசியில் தாயிடம் கேட்டவை இரண்டு: "குழந்தைக்கு எந்தப் புனிதரின் பெயரை வைக்கலாம்? பேறுகாலத்துக்கு நீ வருவாயா, அம்மா?"

தந்தையோ, அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தாய் நம்மிடம் வந்து கேட்டார்: "நான் போனால் பாவத்துக்கு உடந்தையாவேனா? அதை என் பேரப்பிள்ளை என்று சொல்லலாமா?" அவரது வினா நம்மை விட்டு நீங்கவில்லை. நம் குடும்பங்கள் கடல் கடந்து பரவியுள்ள இந்நாளில், இவ்வினாவை உள்ளத்தில் சுமப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். ஆகவே இங்கே அதைச் சற்று நின்று சிந்திப்போம்.

முதலில், திருச்சபை கற்பிப்பதை மறைத்து ஆறுதல் சொல்வது அன்பாகாது. திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே உள்ள உடன்படிக்கை என்பதே திருச்சபையின் போதனை. மனித உயிரின் தொடக்கத்தைக் குறித்து நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் 1987ஆம் ஆண்டு ஓர் அறிவுரை மடல் வெளியிட்டது. தம்பதியருக்கு வெளியே மூன்றாம் ஒருவரின் உயிரணுவைக் கொண்டு கருத்தரிப்பதை அது ஏற்கவில்லை. திருமண உறவுக்குள் கருவாகி, பிறந்து, வளர்வது குழந்தையின் உரிமை என்று அது கூறியது. குழந்தை எவருக்கும் சேர வேண்டிய உரிமைப்பொருளன்று, கொடையே என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கற்பிக்கிறது.

அந்த 1987ஆம் ஆண்டு மடலிலேயே இன்னொரு போதனையும் உண்டு. கருவான முறையை ஏற்க இயலாவிட்டாலும், உலகிற்கு வரும் ஒவ்வொரு குழந்தையும் இறைவனின் நன்மைத்தனம் ஈந்த உயிருள்ள கொடையாக ஏற்கப்பட்டு, அன்போடு வளர்க்கப்பட வேண்டும் என்பதே அது. நம்மில் பலர் முதற்போதனையைப் படித்தவுடன் ஏட்டை மூடிவிடுகிறோம். கண்டிக்க எடுத்த ஏட்டை வரவேற்கும் பக்கம் வரை புரட்டுவதில்லை.

பெற்றோரின் வழியைக் குறித்த தீர்ப்பை நாம் யாரிடம் வசூலிக்கிறோம்? பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இவர் இப்படிப் பிறக்கப் பாவம் செய்தவர் இவரா, இவர் பெற்றோரா என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். அவர் அந்த விசாரணையையே ஏற்கவில்லை. தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் இறைவாக்கினரும் அதற்கு முன்பே அறிவித்திருந்தார். இருந்தும், பிறப்பின் வழியைக் குழந்தையின் கணக்கில் எழுதும் பழக்கம் நம்மிடம் வலுவாகவே இருக்கிறது. மணமாகாத தாயின் பிள்ளையை ஊர் எவ்வாறு அழைத்தது என்பதை நாம் அறியாதவர்களல்ல.

இதில் திருச்சபை நடந்துவந்த வழியைக் காண்போம். அர்ஜென்டினா நாட்டில் 2010ஆம் ஆண்டு ஒருபால் இணையரின் திருமணம் சட்டமாயிற்று. அந்நாட்டுக் கோர்டோபா நகரின் பேராலயத்தில் 2014 ஏப்ரல் 5 அன்று, மணமுடித்த இரு பெண்களின் பெண் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. அந்நாளைய குடியரசுத் தலைவர் கிறிஸ்தினா பெர்னாண்டஸ் ஞானத்தாயாக இருக்க இசைந்தார். செய்தி உலகெங்கும் பரவியது. சிலர் மகிழ்ந்தனர், சிலர் இடறல் என்றனர். ஆனால் அங்கு நிகழ்ந்த திருமுழுக்கில் புதுமை எதுவுமில்லை. ஒரு குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டது. அது இறைவனின் பிள்ளையாயிற்று.

பின்னர் 2023ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு ஆயர் ஒருவர் இதைப் பற்றி நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயத்திடம் வினவினார். தத்தெடுத்தோ வாடகைத்தாய் போன்ற வழிகளாலோ பெற்ற குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கையில், ஒருபால் இணையரைப் பெற்றோராகக் கருதலாமா என்பது அவருடைய வினாக்களுள் ஒன்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ஒப்புதலளிக்க, அவ்வாண்டு நவம்பரில் விடை வெளியாயிற்று. குழந்தை கத்தோலிக்க நெறியில் வளர்க்கப்படும் என்ற அடிப்படையுள்ள நம்பிக்கை வேண்டும் என்ற நிபந்தனையையே அவ்விடை நினைவூட்டியது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 868ஆம் பிரிவு எல்லாக் குழந்தைகளுக்கும் விதிக்கும் நிபந்தனை அது. அந்த நம்பிக்கை முற்றிலும் இல்லாத இடத்தில் திருமுழுக்கு ஒத்திவைக்கப்படும். காரணமும் பெற்றோருக்கு எடுத்துரைக்கப்படும்.

அடிப்படையுள்ள நம்பிக்கை என்ற சொல்லை நாம் எளிதில் கடந்துவிடக் கூடாது. இது அந்த இரு பெண்களை மட்டும் சோதிக்கும் சொல் என்று எண்ணுகிறோம். அக்குழந்தைக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்பிக்கப் போகிறவர் யார்? செபமாலையைக் கையில் கொடுத்து மணிகளை எண்ண வைக்கப் போகிறவர் யார்? கிறிஸ்து பிறப்பு விழாவில் குடில் அமைக்கும்போது அதைத் தோளில் தூக்கிக் காட்டப் போகிறவர் யார்? நம்மில் பெரும்பாலோர் விசுவாசத்தை முதலில் கற்றது பாட்டியின் மடியில் அல்லவா? அந்தப் பாட்டி வரவில்லை, தாத்தா வாசற்படி மிதிக்கவில்லை, மாமனும் சித்தியும் பேசுவதில்லை என்றால், அந்த நம்பிக்கையின் அடிப்படையை இடித்தவர்கள் யார்? நாமே தூணை உருவிவிட்டு, கூரை நிற்காது என்று தீர்ப்புச் சொல்வது நீதியாகுமா?

தந்தையில்லாமல் வளரும் குழந்தை என்ற கவலையும் இத்தகையதே. அந்தக் கவலையை நாம் எள்ளி நகையாடவில்லை. தன்னைப் பிறப்பித்தவரின் முகத்தை அறியாமல் வளர்வது சிறிய இழப்பன்று. அதை இழப்பே இல்லை என்று சொல்வோருடன் நாம் உடன்பட இயலாது. ஆனால் குழந்தைக்குத் தந்தையின் கை இல்லை என்று உண்மையிலேயே வருந்துகிறவர், தாத்தாவின் கையையும் சேர்த்துப் பறிப்பாரா? குறை உண்டென்று நம்புகிறவருக்கே அதைக் குறைக்கும் கடமையும் அதிகம். கோபித்துக்கொண்டு விலகும் தாத்தா, தாம் சுட்டிக்காட்டும் குறையைத் தாமே இருமடங்காக்குகிறார்.

"போனால் அதை ஏற்றுக்கொண்டதாக ஊர் நினைக்காதா?" என்று கேட்கலாம். நினைக்கலாம். சிலருக்கு அது இடறலாகவும் தோன்றலாம். ஆனால் கோவிலில் மணமுடிக்காமல் வாழ்வோரின் குழந்தையைத் திருமுழுக்குத் தொட்டியருகே ஏந்தி நிற்பவரை, அந்த வாழ்க்கை முறைக்குச் சான்று கூறுபவர் என்று நாம் கருதுவதில்லை. சிஸ்டின் சிற்றாலயத்தில் 2014 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் திருமுழுக்கு அளித்த குழந்தைகளுள், அரசுப் பதிவுத் திருமணம் மட்டுமே செய்திருந்த தம்பதியரின் குழந்தையும் ஒன்று. அதனால் திருமண அருளடையாளம் தேவையற்றதாகிவிட்டது என்று எவரும் முடிவு செய்யவில்லை. குழந்தையைத் தொடுவது ஒன்று. பெற்றோரின் ஒவ்வொரு தேர்வுக்கும் கையெழுத்திடுவது மற்றொன்று.

குழந்தையைக் கொடையாக அன்றி உடைமையாகக் காணும் சோதனை ஒருபால் இணையருக்கு மட்டும் உரியதும் அன்று. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992ஆம் ஆண்டு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. அத்தொட்டில்களில் விடப்பட்ட பெண் மகவுகளுள் பல, முறையாக மணமுடித்த ஆணும் பெண்ணும் பெற்றவையே. வரவிருக்கும் குழந்தை எதுவாயினும் வரட்டும் என்று அறைக்கு வண்ணம் பூசிக் காத்திருக்கும் இரு பெண்களைக் குறித்துப் பேசும்போது, இந்த நினைவு நம் நாவைச் சற்று அடக்க வேண்டும்.

இனி, பேரப்பிள்ளையா என்ற வினா. டொரன்டோ அமைந்துள்ள ஒன்டாரியோ மாநிலத்தில் 2017 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், இத்தகைய இணையர் இருவரையும் பிறப்புப் பதிவிலேயே பெற்றோராகக் குறிக்க இடமளிக்கிறது. சட்டம் ஏற்கலாம், இரத்தம் ஏற்குமா என்பதே தாயின் கலக்கம். மத்தேயு நற்செய்தியின் தொடக்கத்திலுள்ள தலைமுறை அட்டவணையை நினைவுகூர்வோம். ஆபிரகாமிலிருந்து இறங்கிவரும் அந்த வரிசை, இயேசுவை உடலால் பிறப்பிக்காத யோசேப்பிடம் வந்து முடிகிறது. ஆண்டவருக்குத் தாவீதின் மகன் என்ற உரிமை அவர் வழியாகவே வந்தது. மீட்பரின் பிறப்பு தூய ஆவியாரின் செயல். மனிதத் தேர்வால் நிகழும் பிறப்பை அதனோடு ஒப்பிடுவது முறையன்று. ஆயினும் ஏற்று, பெயரிட்டு, காத்து வளர்ப்பதால் ஒருவர் ஒரு குழந்தைக்கு உண்மையான உறவாகிறார் என்பதை மறுக்கும் உரிமை, சூசையப்பரை வணங்கும் நமக்கு இல்லை.

அந்த இரு பெண்களுக்கும் ஒரு சொல் உண்டு. குழந்தையை எதற்கும் சான்றாகவோ விடையாகவோ வளர்க்காதீர்கள். நீங்கள் வென்ற வழக்கு அன்று அது. எங்கிருந்து வந்தோம் என்று ஒருநாள் அது கேட்கும்; அன்று உண்மையைச் சொல்லுங்கள். திருமுழுக்குக் கேட்டால், மாலை செபத்தையும் ஞாயிறு திருப்பலியையும் சேர்த்தே கேளுங்கள். நீங்கள் கொடையைப் பெறுகிறவர்கள். கொடைக்கு உரியவர் வேறொருவர். இது எல்லாப் பெற்றோருக்கும் உரிய சொல்லே.

கன்னி மரியா மலைநாட்டுக்கு விரைந்து சென்று, எலிசபெத்துடன் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கியதை மகிழ்ச்சி நிறை மறையுண்மையாகத் தியானிக்கிறோம். எலிசபெத்தின் வீடு மாசற்ற இல்லறம். நாம் பேசும் வீடு வேறு. ஆனால் நாம் கற்க வேண்டியது சென்றவரிடமிருந்து. கருவுற்ற ஒருத்திக்குத் துணை வேண்டும் என்று அறிந்ததும் புறப்பட்டவர் அவர்.

நம் பங்கின் அந்தத் தாய் பயணத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். மகளுக்குச் சொல்ல வேண்டிய கண்டிப்பான சொற்களும் அவரிடம் உண்டு. மடித்த வேட்டிகளும் உண்டு. இரண்டையும் எடுத்துச் செல்கிறார். கணவர் மனம் மாறவில்லை. ஆயினும் இப்போது குடும்பச் செபமாலையில் ஒரு பத்துமணியைப் பிறக்கவிருக்கும் குழந்தைக்காக அவர் ஒப்புக்கொடுக்கும்போது, செபத்தின் பின்பாதியைக் கணவர் சொல்லத் தவறுவதில்லையாம். அந்தக் குழந்தைக்குரிய அடிப்படையுள்ள நம்பிக்கை அவ்வீட்டில் முளைவிட்டிருக்கிறது. அதற்கு நீரூற்றும் கடன் நம் எல்லாருக்கும் உண்டு.