பாட்டி இல்லாத பண்டம்

குறுந்தொகையின் 167ஆம் பாடலை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறேன். கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமானவள் கட்டித் தயிரைப் பிசைந்த விரல்களை உடுத்திய சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் ஏறுகிறது. கணவன் நன்றாக இருக்கிறது என்று உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. இல்லற இன்பத்துக்கு இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வோம். ஆனால் பாட்டில் பேசுபவள் செவிலித்தாய். மகள் குடும்பம் நடத்துவதைப் போய்ப் பார்த்து வந்து நற்றாயிடம் தகவல் சொல்கிறாள். ஆக அந்த அடுப்படியில் சமைப்பவள் ஒருத்தி, மதிப்பெண் போடுபவன் ஒருவன், மேற்பார்வைக்கு வந்தவள் ஒருத்தி. சமைத்தவள் சாப்பிட்டாளா என்பது பாட்டில் இல்லை.

யாருடைய மதிப்பெண்ணும் தேவைப்படாமல் ஒருத்தி தன் நாக்குக்காகச் சமைக்க முடியுமா? சமையலை விட்டு வெளியேறுவதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். எனக்கோ சமைக்கப் பிடிக்கும். பிடித்த ஒன்றைக் கடமையின் வாயிலிருந்து எப்படி மீட்பது என்பதே என் சிக்கல்.

ஓரளவு விடை கிடைத்தது இறால் டாகோவில். சிரிக்க வேண்டாம். மெக்சிகோவின் தெருக்கடைப் பண்டம் அது. மக்காச்சோள மாவில் தட்டிய மெல்லிய ரொட்டியை மடித்து உள்ளே எதையாவது வைத்துத் தருவார்கள். எங்கள் ஆவடிப் பக்கம் ராணுவக் குடியிருப்புகளும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளும் இருப்பதால் வடநாட்டுக் குடும்பங்கள் அதிகம். மக்காச்சோள மாவு மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது. வெந்நீர் விட்டுப் பிசைந்தாலும் விரிசல் விடும். ஒரு கைப்பிடி கோதுமை மாவு சேர்த்து, இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்துத் தட்டுகிறேன். இறாலைப் பூண்டு, மிளகாய்த்தூள், சீரகப்பொடி, உப்பில் பிரட்டி, நன்றாகக் காய்ந்த இரும்புக்கல்லில் போட்டால் மூன்று நிமிடம் போதும். சுருண்டு சிவந்ததும் இறக்கிவிட வேண்டும், விட்டால் ரப்பர். மேலே பொடியாக அரிந்த தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, கொஞ்சம் முட்டைக்கோஸ், வடிகட்டிய தயிர். எலுமிச்சையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

இறால் தொக்கு வைக்கும் நாளில் மூன்று பெண்கள் என் அடுப்பருகே வந்து நிற்பார்கள்: அம்மா, மாமியார், அவருடைய மாமியார். மூன்றாமவர் இறந்து பல வருடமாகிறது, ஆனாலும் வருவார். புளி கூடிவிட்டது என்பார். டாகோ செய்யும்போது ஒருவரும் வருவதில்லை. அது எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கைப்பக்குவம் என்ற சொல்லே அந்தப் பண்டத்துக்குப் பொருந்தாது. எனக்குப் பிடித்திருந்தால் அதுதான் பக்குவம்.

அங்கே அதற்குப் பாட்டி இருக்கிறாள். அஸ்டெக் மக்களின் வாழ்க்கையை ஸ்பானிய ஆட்சி தொடங்கிய காலத்தில், 1540களில், படங்களாக வரைந்த மெந்தோசா ஏடு இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் 13 வயதுச் சிறுமி அம்மி போன்ற சாய்ந்த கல்லின் முன் மண்டியிட்டு மக்காச்சோளம் அரைக்கிறாள். தாய் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாள். அந்தக் கல்லுக்கு மெதாத்தே என்று பெயர். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவைத்து, கழுவி, ஈரமாக அரைக்க வேண்டும். தானியத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்து அப்போதுதான் உடலுக்குக் கிடைக்கும். சோளத்தை மட்டும் கொண்டுபோய் இந்த முறையை விட்டுவிட்ட ஐரோப்பாவில் ஏழைகள் பெலாக்ரா நோயில் விழுந்தார்கள். அடுப்படி அறிவை யார் அறிவென்று எண்ணினார்கள்?

இருபதாம் நூற்றாண்டில் அரவை ஆலைகள் வந்தன. தெப்போஸ்த்லான் என்னும் ஊரில் ஆண்கள் அவற்றை எதிர்த்ததை மானுடவியலாளர் ஆஸ்கர் லூயிஸ் 1951இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். கல்லில் அரைத்தால்தான் ருசி என்றார்கள். வேலை மிச்சமானால் பெண்கள் ஊர் சுற்றுவார்கள் என்ற கவலை வேறு. கிரைண்டர் வந்த காலத்தில் நம் வீடுகளில் கேட்ட அதே வாதம்தான்: 'ஆட்டுக்கல் மாவுக்கு ஈடாகுமா?' மாவாட்டாதவர்களின் நாக்குக்கு மட்டும் இந்த வித்தியாசம் எப்படியோ துல்லியமாகத் தெரிந்துவிடுகிறது.

ஆக, எனக்கு விளையாட்டாக இருக்கும் ரொட்டி இன்னொருத்திக்குத் தேர்வுத்தாள். என் விடுதலை அவளுடைய கடமையிடம் கடன் வாங்கியது. இதற்காக நான் குற்றவுணர்வு கொள்ளப்போவதில்லை. குற்றவுணர்வும் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட சம்பளமில்லாத வேலை. நட்சத்திர ஓட்டலில் இறால் தின்னும் ஆணிடம் அது எவள் உரித்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கடன் இருப்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'அசல் மெக்சிகோ ருசி' என்று பீற்றிக்கொள்ள எனக்கு வாய் வராது. அந்த அசல் என்பது மண்டியிட்ட முழங்கால்கள்.

கடன் மெக்சிகோவோடும் முடியவில்லை. நம் சந்தைக்கு வரும் பண்ணை இறாலில் பெரும்பகுதி வனாமி. மெக்சிகோவிலிருந்து பெரு வரையிலான பசிபிக் கரைதான் அதன் பூர்வீகம். 2009இல் இங்கே வளர்க்க அனுமதி கிடைத்தது. ஊர் மாறினாலும் அதை உரிக்கும் கை மாறவில்லை. ஏற்றுமதிக் கூடங்களில் குளிர்ந்த நீரில் விரல் மரத்துப்போக உரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நான் வாங்கும் இடத்தில் ஓர் அக்கா தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்துப் போடுவார். கைகள் நிற்பதே இல்லை. "இன்னாம்மா, தொக்கா வறுவலா?" என்று கேட்பார். ரொட்டியில் வைத்துச் சாப்பிட என்றேன் ஒருமுறை. "நீங்க வீட்ல என்னக்கா செய்வீங்க?" என்றதும் சிரித்துவிட்டார். "நாள் பூரா இத்தயே நோண்டினு கீறேன். வூட்டுக்குப் போயி எவ துன்னுவா?"

தன் நாக்குக்காகச் சமைப்பதைப் பற்றிய என் கேள்வி அவரிடம் வேறொன்றாகிவிட்டது. அவருக்கு மேற்பார்வை செய்ய மாமியார் வேண்டியதில்லை. வேலையே இறாலின் ருசியை எடுத்துக்கொண்டுவிட்டது. சுத்தம் செய்யும் கூலியில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றவர் ஒருவர் பேரம் பேசிக்கொண்டிருந்தார். மீன் விலையில் பேரம் பேசலாம், நானும் பேசுவேன். இந்தக் கூலியில் பேசக்கூடாது என்பது என் கட்சி.

நான்காம் முறை டாகோ செய்தபோது மகன் முதல் வாயிலேயே, "போன தடவை மாதிரி இல்லையேம்மா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னான். மூன்றே ஞாயிறுகளில் பண்டத்துக்குப் பாட்டி முளைத்துவிட்டாள், நானேதான். அடுத்த ஞாயிறு மாவு பிசைவதும் கல்லின் முன் நிற்பதும் அவன்தான் என்றேன். சரி என்றான். இறாலை ஆய்வதும் அவன்தான் என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "அதைக் கடையிலேயே உரிச்சு வாங்கிட்டா என்னம்மா?"