உடலும் வினையும்

ஒருவர் செய்த குற்றத்திற்காக அவரைத் தண்டித்தல் முறை. அவர் பெற்றுவந்த உடலுக்காகத் தண்டித்தல் முறையாகுமா? ஆகாது என்றே எவரும் விடை கூறுவர். ஆயினும் நடைமுறையில் இவ்விரண்டையும் நாம் அடிக்கடி ஒன்றாக்கி விடுகிறோம். ஒடிசா மாநிலத்து விரைவோட்ட வீராங்கனை டூட்டி சந்த் அவர்களின் வரலாறு, இவ்வேறுபாட்டைச் சிந்திக்க நமக்கு உதவும். அவர் இருமுறை தடைசெய்யப் பெற்றார். முதல் தடை உடலைப் பற்றியது. இரண்டாவது தடை செயலைப் பற்றியது.

அவர் 1996ஆம் ஆண்டு, ஜாஜ்பூர் மாவட்டத்தில் ஓர் ஏழை நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். 2013இல் புனே நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்றார். மறு ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குச் செல்லவிருந்த வேளையில் அணியிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய உடலில் இயல்பாகவே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன், பெண்களுக்கென வகுத்த வரம்பைக் கடந்திருந்தது என்பதே காரணம். அதனைக் குறைக்க மருத்துவம் செய்துகொண்டாலன்றி ஓட இயலாது என்பது விதி. அதற்கு அவர் இணங்கவில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் முறையிட்டார். விதிக்குப் போதிய சான்று இல்லையென்று கூறி, 2015 ஜூலையில் அந்நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. பின்னர் அவர் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வென்றார். 2019இல் நேப்பிள்ஸ் நகரில் உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீட்டரை 11.32 விநாடிகளில் ஓடித் தங்கம் பெற்றார்.

2022 டிசம்பரில் அவரிடம் எடுத்த மாதிரிகளில் தடைசெய்யப்பட்ட மருந்து காணப்பட்டது. அறிந்து உட்கொள்ளவில்லை என்று அவர் கூறியதை விசாரணைக் குழு ஏற்கவில்லை. 2023 ஜனவரி 3 முதல் நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. இதனைக் கேட்டவுடன், "முன்பே ஐயுற்றோம் அல்லவா?" என்று சிலர் பேசினால், அது பெரும் பிழையாகும். பின்னர் நேர்ந்த குற்றம், முன்னர்ச் சுமத்திய பழியை மெய்யாக்கி விடாது. அவ்வாறே, முன்னர் அடைந்த துன்பம் பின்னர் நேர்ந்த குற்றத்தைக் கழுவி விடாது.

எங்கள் தளவானூர்ப் பக்கத்துப் பள்ளி விளையாட்டு விழாக்களில், வயதுக்கு மீறி வளர்ந்த சிறுமி ஒருத்தி முதலில் வந்துவிட்டால், "பிறந்த தேதியை மாற்றி எழுதியிருப்பார்கள்" என்று பெற்றோர் சிலர் முணுமுணுப்பதுண்டு. தேதியை மாற்றியிருந்தால் அது வஞ்சனை. மாற்றாதிருந்தால் அது வெறும் உயரம். உயரத்தை முன்னிட்டு அவளை மூத்தோர் பிரிவில் ஓடச் சொல்வதும் ஒருவேளை நியாயமாகலாம். அவளைப் பொய்யள் என்பது ஒருபோதும் நியாயமாகாது.

டூட்டி சந்துக்கு வழக்காடத் துணை கிடைத்தது. நம் தமிழகத்துப் பெண் ஒருவருக்கு அதுவும் கிடைக்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளர் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. மருத்துவருக்கும் அவருக்கும் இடையே நிற்கவேண்டிய செய்தி ஊரெங்கும் பரவியது. மருந்து உண்டார் என்றோ ஏமாற்றினார் என்றோ எவரும் கூறவில்லை. ஆயினும் குற்றவாளிக்குரிய அவமானம் முழுவதும் அவர்மீதே விழுந்தது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கேட்டல் வேண்டும். அடுத்த தடத்தில் ஓடும் பெண்ணும் பல்லாண்டு உழைத்தவளே. ஒத்தவரோடு ஒத்தவர் போட்டியிடுதல் அவளது உரிமை. அதனைக் காக்கவே பெண்கள் பிரிவு தனியே வகுக்கப்பட்டது. உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் முதல் அப்பிரிவில் ஓடுவோர்க்கு மரபணுச் சோதனை ஒன்றைக் கட்டாயமாக்கியுள்ளது. எல்லைக்கோடு எங்கே அமைய வேண்டும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. எளியவளாகிய நான் அதற்குத் தீர்ப்புக் கூற வல்லேன் அல்லேன்.

ஆயினும் ஒன்று உறுதி. கோடு எங்கே வரையப்பட்டாலும், அதற்கு அப்பால் நிற்பவர் குற்றவாளி அல்லர். பிரிவு வகுத்தல் வேறு, பழி சுமத்தல் வேறு. சோதனையின் முடிவை மறைவாகக் காப்பதும், அன்போடு எடுத்துரைப்பதும், அவர் வாழ வேறு வழி காட்டுவதும் விதியை வகுத்தோரின் கடமைகளாகும். நாவினால் செய்யும் இம்சையும் இம்சையே என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை.

நம் வீட்டிலும் பள்ளியிலும் ஒரு பிள்ளையை வைவதற்கு முன், இது இவன் செய்ததா, இவனுக்கு அமைந்ததா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. செய்ததைத் திருத்தலாம். அமைந்ததற்காக எவரையும் தலைகுனிய வைத்தல் தகாது.