இருவர் காணும் தொடர்

இல்லறத்தைப் பற்றிப் பேசுவோர் விருந்தோம்பல், மக்கட்பேறு, பொருளீட்டல் ஆகிய பெருங்கடமைகளையே மிகுதியும் பேசுவர். இரவு உணவுக்குப் பின் கணவனும் மனைவியும் எந்தத் தொலைக்காட்சித் தொடரைப் பார்ப்பது என்னும் வினா அந்த வரிசையில் வைத்து எண்ணத் தக்கதாகத் தோன்றாது. பொழுதுபோக்கிலும் அறத்தைத் தேட வேண்டுமா என்று சிலர் கேட்கவும் கூடும்.

ஆயினும், பெரிய முடிவுகள் வாழ்நாளில் சில முறையே வருகின்றன. வீடு வாங்குவதும் பிள்ளைகளுக்கு மணம் முடிப்பதும் நாள்தோறும் நிகழ்வன அல்ல. எதைப் பார்ப்பது என்னும் வினாவோ ஒவ்வோர் இரவும் எழுகிறது. ஒருவருடைய விருப்பத்தை மற்றவர் எவ்வாறு மதிக்கிறார் என்பது அங்கே நாள்தோறும் வெளிப்படுகிறது. பழக்கமே பண்பாக முதிர்கிறது என்பதை ஏற்போர் இச்சிறு வினாவைப் புறந்தள்ள மாட்டார்கள்.

தெரிவும் பொறுப்பும்

சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பரிலும் தொலைக்காட்சி தொடங்கியது. நிலையம் எதை ஒளிபரப்பியதோ அதைப் பார்ப்பதே அன்றைய வழக்கம். தமிழ்ப் படம் வரும் நாளில், பெட்டி இருந்த வீட்டில் அண்டை அயலாரும் கூடி அமர்ந்தனர். கணவன் மனைவியரிடையே இதுவா அதுவா என்னும் போட்டிக்கு அங்கே இடம் குறைவு. 1996இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் ஒளிபரப்பு வந்தபோது மலேசிய இல்லங்களில் அலைவரிசைகள் பெருகின. 2016ஆம் ஆண்டு ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இவ்விரு நாடுகளிலும் தன் சேவையைத் தொடங்கியது. இன்று நிகழ்ச்சியையும் நேரத்தையும் பார்ப்பவரே முடிவு செய்கின்றனர்.

தெரிவு வந்தால் பொறுப்பும் உடன் வரும். ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். மனைவி பாத்திரங்களைக் கழுவி, அடுக்களையை ஒழுங்குபடுத்திவிட்டு வந்து அமரும்போது தொடரின் பாதி கடந்திருக்கும். முற்காலத்தில் அதற்கு எவரையும் குறை கூற இயலாது. நிலையம் எவருக்காகவும் காத்திருக்காது. இன்றோ ஒரு பொத்தானை அழுத்தினால் காட்சி அப்படியே நின்று காத்திருக்கும். ஆகவே, இன்று அவளுக்காகக் காத்திராதது நிலையம் அன்று. அருகில் அமர்ந்திருக்கும் கணவனே. அவன் எழுந்து சென்று பாத்திரம் துடைக்கக் கை கொடுத்தால் காத்திருக்கும் நேரமும் குறையும். எந்தத் தொடர் என்பதற்கு முன்னரே, இருவரும் வந்து அமர்ந்த பின்னரா தொடங்குவது என்னும் வினா நிற்கிறது.

பிணக்கைத் தவிர்க்க எளிய வழி ஒன்றும் உண்டு. ஆளுக்கொரு கைப்பேசியில் ஆளுக்கொரு தொடரைப் பார்க்கலாம். தனியே சுவைக்கும் உரிமை இருவருக்கும் உண்டு. அதைக் குற்றம் என்று கூற இயலாது. எனினும், ஒவ்வோர் இரவும் அவ்வாறே கழியுமாயின், சச்சரவு ஒழிந்ததோடு உறவாடலும் ஒழிந்துவிடுகிறது.

விட்டுக்கொடுத்தலின் எல்லை

இல்லறத்திற்கு வேண்டியது விட்டுக்கொடுத்தல் என்பது தமிழ் மரபில் ஊறிய கருத்து. வள்ளுவர் தம் நூலின் இறுதி அதிகாரத்திற்கு ஊடலுவகை என்று பெயரிட்டார். சிறு பிணக்கில் தோல்வியை ஏற்பவருக்கே பின்னர் இன்பம் கூடுகிறது என்னும் நுட்பத்தை அவ்வதிகாரம் உணர்த்துகிறது. ஆனால், அங்கே தோற்பவர் இன்று ஒருவர், நாளை மற்றொருவர். ஒருவரே என்றும் தோற்பதும் மற்றவரே என்றும் வெல்வதும் ஊடலாகாது. அது வழக்கமாகிவிட்ட ஆதிக்கம். பல இல்லங்களில் பந்தாட்டமும் செய்தியும் முடிந்த பின்னரே மனைவியின் தொடருக்கு முறை வருகிறது. சில இல்லங்களில் மாலை முழுதும் நெடுந்தொடர்களே ஓட, கணவன் வாய் திறவாமல் நாளேட்டைப் புரட்டுகிறான். இரண்டிலும் அமைதி நிலவலாம். அதனால் நீதியும் நிலவுகிறது என்று கொள்ளுதல் தகாது.

விட்டுக்கொடுப்பவரிடமும் ஒரு குறை நேரக்கூடும். “எதுவானாலும் சரி” என்னும் சொல் அன்பின் சொல்லாகவே காதில் விழுகிறது. ஒரு நாள் சொன்னால் அது அன்பே. பத்தாண்டு சொன்னால், சொன்னவருக்கு எது பிடிக்கும் என்பதே மற்றவருக்குத் தெரியாமற் போகிறது. தன் விருப்பத்தை மறைப்பவர், தம்மை அறியும் வாய்ப்பைத் துணைக்கு மறுக்கிறார். உள்ளதைச் சொல்லுதல் வாய்மை எனின், “இத்தொடர் எனக்குப் பிடிக்கவில்லை, அதைப் பார்க்க விரும்புகிறேன்” என்று இனிமையாகக் கூறுவதும் வாய்மையின்பாற்பட்டதே. கேட்பது ஒருவர் கடமையாயின், சொல்வது மற்றவர் கடமை.

முறை வைத்துப் பார்த்தால் தீராதா? இன்று உனக்கு, நாளை எனக்கு என்பது நேர்மையான ஏற்பாடு. எதுவுமே இல்லாத இடத்தில் அதுவே தொடக்கமாகட்டும். ஆனால், தன் முறை வரும்வரை கடன் கொடுத்தவர்போல் அமர்ந்து மணி பார்ப்பவர், உடன் இருந்தும் உடன் பார்ப்பவர் ஆகார். துணைக்கு இக்கதையில் எது இனிக்கிறது என்று அறிய முயல்பவரே உடன் பார்க்கிறார். சுவை வேறாகவே இருக்கலாம். பொய்யாக ரசிக்க வேண்டியதில்லை. அறிய விரும்பும் உள்ளம் இருந்தால் போதும்.

கற்பிப்பதற்கா, கலந்து பேசுவதற்கா?

நல்ல தொடரையே தெரிந்தெடுக்க வேண்டும் என்பர் சிலர். வன்முறையையும் பெண்ணிழிவையும் விருந்தாக்கும் தொடர்களை விலக்குவது சரியே. ஆனால், துணைக்குப் பாடம் புகட்டுவதற்கென்று தொடரைத் தெரிந்தெடுப்பது வேறு. அடங்கிய மருமகளைக் காட்டி, “பார், குடும்பப் பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும்” என்று கணவன் சுட்டுவதும், அள்ளிக் கொடுக்கும் கதைத்தலைவனைக் காட்டி மனைவி பெருமூச்சு விடுவதும் தொடரைச் சாட்டையாக்கும் செயல்கள். வகுப்பறையில் ஆசிரியர் பாடத்தைத் தெரிந்தெடுக்கிறார், மாணவர் ஏற்கின்றனர். இல்லறத்தில் ஆசிரியரும் இல்லை, மாணவரும் இல்லை. வகுப்பறைப் பழக்கத்தை வீட்டிற்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர்கள் இதனை எண்ணிப் பார்ப்பது நலம்.

ஒரே தொடர் இருவேறு பயன் தரக்கூடும் என்பதற்குத் தமிழகத்திற்கும் இந்நாடுகளுக்கும் அப்பால் ஒரு சான்று உண்டு. சுவீடன் நாட்டு இயக்குநர் இங்மார் பெர்க்மன், ஒரு மணவாழ்வின் காட்சிகள் என்று பொருள்படும் தலைப்பில், 1973இல் அந்நாட்டுத் தொலைக்காட்சிக்கென ஆறு பகுதிகளில் ஒரு தொடரை உருவாக்கினார். பிறர் பார்வைக்கு நிறைவாகத் தோன்றும் இணையருள் கணவன் வேறொரு பெண்ணை நாடிப் பிரிகிறான். அதன் பின்னரே இருவரும் நெடுங்காலம் அடக்கி வைத்த உண்மைகளைப் பேசத் தொடங்குகின்றனர். அத்தகைய கதையைக் கணவனும் மனைவியும் மனமொத்துப் பார்த்தால், தம் வாழ்விலும் பேசாமல் விட்டவற்றைப் பேச அது வாயில் திறக்கலாம். ஒருவர் மற்றவரை இழுத்து அமர்த்திக் காட்டினால், அதே கதை குற்றப்பத்திரிகையாகிவிடும். வேறுபாடு தெரிந்தெடுத்த முறையில் இருக்கிறது.

தொடர் ஓர் உறுதிமொழி

ஒரு திரைப்படம் ஓரிரவில் முடிகிறது. தொடர் அத்தகையதன்று. சன் தொலைக்காட்சியில் 2003 முதல் 2009 வரை ஒளிபரப்பான கோலங்கள் 1,500க்கும் மேற்பட்ட பகுதிகளைக் கொண்டது. பகுதிக்கு 20 நிமிடம் என்று கொண்டாலும் 500 மணி நேரம் ஆகிறது. இரவு பகலாகக் கணக்கிட்டால் 20 நாள்களுக்கு மேல். இவ்வளவு பொழுதை ஒருவரிடமிருந்து கேட்பது சிறிய வேண்டுகோளன்று. ஆதலால், தொடங்குமுன் அதன் நீளத்தையும் எண்ணிப் பார்த்து இசைவு பெறுதல் முறை. சில பகுதிகளுக்குப் பின் ஒருவர் சலிப்புற்றால், நிறுத்திக்கொள்ளும் உரிமையும் அந்த இசைவில் அடங்கும்.

இருவரும் சேர்ந்து பார்ப்பதாகத் தொடங்கிய கதையை, துணை உறங்கிய பின் ஒருவர் மட்டும் முன்னே சென்று பார்த்துவிட்டு, மறுநாள் அறியாதவர்போல் வியப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், ஒன்றாக வியக்கவே அவர்கள் காத்திருந்தனர். காத்திருப்பேன் என்ற சொல்லைச் சிறிய செயலில் காப்பவர்மீதே பெரிய செயலில் நம்பிக்கை பிறக்கும்.

எனவே, இணையர்க்கேற்ற தொடர்களின் பட்டியல் ஒன்றை எவராலும் எல்லார்க்கும் பொதுவாக வகுத்துத் தர இயலாது. கேட்டறிதல், மறைக்காமல் சொல்லுதல், காத்திருத்தல் ஆகிய மூன்றும் இருக்குமாயின் எளிய நகைச்சுவைத் தொடரும் இல்லறத்திற்கு உரமாகும். இவை இல்லையெனில், உயர்ந்த காவியத்தை நாடகமாக்கி வைத்தாலும் ஒரே கூரையின்கீழ் இருவர் தனித்தனியே அமர்ந்திருப்பர். “இன்று எதைப் பார்க்கலாம்?” என்று கேட்டுவிட்டு, ரிமோட்டைக் கீழே வைத்து விடைக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளிலேயே இல்லறத்தின் அறம் தொடங்குகிறது.